கோட்ஷேர் டிக்கெட்டில் கோளாறா? எதற்கு யாரிடம் போவது

டிக்கெட்டில் ஒரு ஏர்லைன் பெயர், ஏறப்போகும் விமானத்தில் வேறு பெயர். இதைத்தான் கோட்ஷேர் என்கிறார்கள். கும்பகோணத்தில் டிக்கெட் போடும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கூத்தாநல்லூரோ அதிராம்பட்டினமோ மயிலாடுதுறையோ, எந்த ஊரிலிருந்து போன் வந்தாலும் குறை ஒரே மாதிரிதான்: "இங்க கேட்டா அங்க போங்கறான், அங்க கேட்டா இங்க வாங்கறான்." கோளாறு பெரும்பாலும் சின்னதுதான். சம்பந்தமில்லாத ஏர்லைனின் வரிசையில் நின்றே அது பெரிதாகிவிடுகிறது. ஆகவே கோட்ஷேர் ஏன் வந்தது, எப்படி வந்தது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கு நேர்ந்திருப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும்.

எதற்கும் முன்னால்: டிக்கெட்டில் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

இ-டிக்கெட் ரசீதை எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த நாலு வரிச் சுருக்கம் போதாது. பதிமூன்று இலக்க டிக்கெட் எண் உள்ள முழு ரசீது வேண்டும்.

விமான எண்ணுக்கு முன்னால் இருக்கும் இரண்டெழுத்தைப் பாருங்கள். ஏஐ என்றால் ஏர் இந்தியா, எஸ்க்யூ என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், யூஎல் என்றால் ஸ்ரீலங்கன், 6ஈ என்றால் இண்டிகோ. இதை எண் போட்ட ஏர்லைன் என்று வைத்துக்கொள்வோம்.

அதே வரிக்குக் கீழே பொடி எழுத்தில் "ஆப்பரேட்டட் பை" என்று ஒரு பெயர் இருக்கும். அதுதான் ஓட்டும் ஏர்லைன். விமானமும் பணியாளர்களும் கவுன்டரும் அவர்களுடையவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எண் போட்டு டிக்கெட் இருக்கும், திருச்சியில் வந்து நிற்பது ஸ்கூட் விமானமாக இருக்கும்.

மூன்றாவது, டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம். 098 ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 603 ஸ்ரீலங்கன், 232 மலேசியா ஏர்லைன்ஸ், 176 எமிரேட்ஸ், 157 கத்தார் ஏர்வேஸ், 607 எதிஹாத். இவர்கள்தான் டிக்கெட் கொடுத்த ஏர்லைன். உங்கள் பணம் இவர்கள் கணக்கில்தான் இருக்கிறது.

எண் போட்டவரும் டிக்கெட் கொடுத்தவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார்கள். ஆனால் மூன்று ஏர்லைன் மாறிப் போகும் பயணத்தில் மூன்றும் மூன்று பெயராக இருக்கும். போகும்போது ஒன்று, வரும்போது வேறொன்று என்றும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். நான்கு இலக்க விமான எண் என்றாலே கோட்ஷேர் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். உள்நாட்டில் சொந்த விமானத்துக்கே நான்கு இலக்க எண் போடுவது சகஜம்.

பணம், தேதி மாற்றம், ரீஃபண்ட் என்றால் டிக்கெட் கொடுத்தவர். விமான நிலையத்துக்குள் நடக்கும் எதுவும் ஓட்டுபவர். கீழே உள்ள கோளாறுகளில் பாதி இந்த ஒரு கணக்கிலேயே தீர்ந்துவிடும்.

## அறிகுறி 1: ஓட்டும் ஏர்லைனின் தளத்தில் பி.என்.ஆர். போட்டால் "இல்லை" என்கிறது

வேறு பி.என்.ஆர். இருக்கலாம். ஒரே பயணத்துக்கு இரண்டு மூன்று ஆறெழுத்துக் குறியீடு இருப்பது கோட்ஷேரில் இயல்பு. டிராவல்ஸ்காரரின் கணினியில் ஒன்று, எண் போட்ட ஏர்லைனில் ஒன்று, ஓட்டும் ஏர்லைனில் ஒன்று. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் முதலாவது. டிக்கெட் போட்டவரிடம் "ஓட்டுற ஏர்லைனோட ரெஃபரன்ஸ் நம்பர் குடுங்க" என்று கேளுங்கள். அவர் திரையிலேயே அது இருக்கும். இணையத்தில் நீங்களே வாங்கிய டிக்கெட் என்றால் எண் போட்ட ஏர்லைனைக் கூப்பிட்டுக் கேட்கலாம். செலவு ஒரு போன்தான்.

பெயர்ப் பெட்டியில் தவறு. நம் பக்கத்தில் இது அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். சர்நேம் காலியாக இருந்தால் சில ஏர்லைன் உங்கள் பெயரையே இரண்டு முறை போடும், சில ஏர்லைன் ஒரு நிரப்புச் சொல்லைப் போடும். டிக்கெட்டில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது எதுவோ அதைத்தான் "லாஸ்ட் நேம்" பெட்டியில் அடிக்க வேண்டும். உங்களுக்குச் சரி என்று தோன்றுவதை அடிக்காதீர்கள். முதல் பெயரையும் கேட்கும் தளங்களில், பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மிஸ்டர், மிசஸ் எழுத்துகளைச் சேர்த்து ஒரு முறையும் நீக்கி ஒரு முறையும் போட்டுப் பாருங்கள்.

துபாய், அபுதாபிக்கு விசிட் விசாவில் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை அந்த விசாவில் ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் விதி கொண்டுவந்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறார்கள். இதை எந்த ஏர்லைனும் தளர்த்த முடியாது. பாஸ்போர்ட்டைத் திருத்துவது ஒன்றே நிலையான வழி, அதற்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் நாள் ஒதுக்க வேண்டும்.

நேரம் ஆகவில்லை. எண் போட்டவர் நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னால் செக்-இன் திறப்பார், ஓட்டுபவர் இருபத்துநான்கு மணி நேரம்தான் என்பார். ஓட்டுபவரின் நேரம்தான் கணக்கு. விசாவை நேரில் பார்க்க வேண்டிய நாடுகளுக்கு இணையச் செக்-இன் பாதியில் நின்று "கவுன்டருக்கு வரவும்" என்று சொல்லும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

சரியான குறியீடு, சரியான பெயர், சரியான நேரம் எல்லாம் இருந்தும் வரவில்லை என்றால் இனி நீங்களே தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அது அடுத்த அறிகுறி.

## அறிகுறி 2: "புக்கிங் இருக்கு, டிக்கெட் இல்லை" என்கிறார்கள்

இருப்பதிலேயே ஆபத்தான கோளாறு இதுதான். பயணி கையில் அச்சடித்த டிக்கெட் இருக்கும், பணம் கட்டி மாதக் கணக்கில் ஆகியிருக்கும், கவுன்டரில் இருப்பவரோ திரையைப் பார்த்துத் தலையாட்டுவார். இருவர் சொல்வதும் உண்மை. இருக்கை ஒரு பதிவு, டிக்கெட் வேறொரு பதிவு. இரண்டும் இரண்டு ஏர்லைனின் கணினியில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருந்த இணைப்பு அறுந்திருக்கிறது.

நேரம் அல்லது எண் மாறிய டிக்கெட்டா? முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உலகம் முழுக்க ஏர்லைன்களின் கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறுகிறது. ஆடி மாதத்தில் போட்டு வைத்த டிக்கெட் பொங்கல் பயணத்துக்கு என்றால், நடுவில் ஒரு மாற்றம் வந்தே தீரும். ஓட்டும் ஏர்லைன் நேரத்தையோ விமான எண்ணையோ மாற்றும். எண் போட்ட ஏர்லைன் அதைத் தன் பக்கம் ஏற்றிக்கொள்ளும். ஆனால் டிக்கெட்டில் பழைய விவரமே நிற்கும். யாராவது அதை எடுத்து மறுபதிப்பு செய்ய வேண்டும். ரீஇஷ்யூ, ரீவேலிடேஷன் என்று இதைத்தான் சொல்கிறார்கள். டிராவல்ஸ்காரரின் கணினிக்கு அறிவிப்பு வந்திருக்கும். அவர் பார்க்காமல் விட்டிருப்பார்.

சோதனை எளிது. கையில் உள்ள ரசீதில் இருக்கும் விமான எண், தேதி, புறப்படும் நேரம் மூன்றையும் ஏர்லைன் தளத்தில் இன்று காட்டுவதோடு ஒப்பிடுங்கள். அஞ்சு நிமிஷம் வித்தியாசம் இருந்தாலும் டிக்கெட் போட்டவரைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: "எல்லா செக்மென்டும் எச்.கே.-ல இருக்கா? மாத்தினதுக்கு அப்புறம் டிக்கெட் ரீஇஷ்யூ ஆச்சா?" செக்மென்ட் என்றால் பயணத்தில் வரும் ஒவ்வொரு விமானக் கட்டம். எச்.கே. என்றால் உறுதி. யூ.என். என்றால் அந்த விமானம் அந்த வடிவில் இல்லை என்று பொருள். டி.கே. என்றால் புது நேரம் வந்திருக்கிறது, இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். எச்.கே. தவிர எது சொன்னாலும் வேலை பாக்கி இருக்கிறது. அட்டவணை மாற்றத்தால் வரும் மறுபதிப்புக்கு ஏர்லைன் வழக்கமாகக் கட்டணம் கேட்பதில்லை. டிராவல்ஸ்காரர் தன் சேவைக் கட்டணம் கேட்டால் அது அவருக்கும் உங்களுக்கும் உள்ள பேச்சு.

டிக்கெட்டே அடிக்கப்படவில்லையா? இருக்கையை மட்டும் பிடித்து வைத்து "டிக்கெட் ஆயிடுச்சு" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பதிமூன்று இலக்க எண் இல்லாத தாள் டிக்கெட் ஆகாது. எண் இருந்தால் டிக்கெட் கொடுத்த ஏர்லைனைக் கூப்பிட்டு அந்த எண்ணைச் சொல்லி, கூப்பன் நிலை "ஓப்பன்" என்று இருக்கிறதா என்று கேளுங்கள். கூப்பன் என்பது டிக்கெட்டுக்குள் ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள தனிப் பதிவு.

கூப்பன் வேறு ஏர்லைனின் பிடியில் சிக்கியிருக்கிறதா? நேற்று ஒரு விமானம் ரத்தாகி, இன்று வேறொன்றில் மாற்றிவிட்டார்கள் என்றால் இது நடக்கும். முதல் ஏர்லைன் தன் கட்டுப்பாட்டில் எடுத்த கூப்பனைத் திருப்பி விட்டிருக்காது. இதைப் பயணி எதுவும் செய்ய முடியாது. கவுன்டரில் இருப்பவரிடம் "அந்த ஏர்லைனுக்குப் பேசி கூப்பனை ரிலீஸ் பண்ணச் சொல்லுங்க" என்று கேட்டால் அவருக்குப் புரியும்.

கவுன்டருக்கே வந்துவிட்ட பிறகு தெரிந்தால்? ஓட்டும் ஏர்லைனின் ஊழியரிடம் கோபப்படுவதில் பயனில்லை. அடுத்தவர் கொடுத்த டிக்கெட்டை அவர் நினைத்தபடி திருத்த முடியாது. அவர் எதிரிலேயே நின்று டிக்கெட் கொடுத்த ஏர்லைனின் இருபத்துநான்கு மணி நேர எண்ணுக்குப் போன் போடுங்கள். இன்னொரு போனில் வீட்டில் இருப்பவர்கள் டிராவல்ஸ்காரரை எழுப்பட்டும். இதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: வெளிநாட்டுப் பயணத்துக்கு இரவு பத்து மணிக்குப் பிறகு போன் எடுக்காத டிராவல்ஸில் கோட்ஷேர் டிக்கெட் வாங்காதீர்கள். திருச்சியிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் நடுராத்திரியிலும் விடிகாலையிலும் புறப்படுகின்றன.

புது டிக்கெட் வாங்கித்தான் ஏற வேண்டும் என்ற நிலை வந்தால் அது கடைசி வழி. அதற்கு முன் மூன்று வேலை: ஏற்ற மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் கவுன்டரில் இருந்தபடியே, என்ன சொன்னார்கள் என்று ஏர்லைனுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு நேரத்தைப் பதிவு செய்யுங்கள். பழைய டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். திரும்பி வரும் பகுதியைக் காப்பாற்றி வைக்கும்படி டிக்கெட் கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் கட்டம் பறக்காவிட்டால் மீதிக் கட்டங்கள் தானாக விழுந்துவிடும்.

## அறிகுறி 3: கவுன்டர் தெரியவில்லை, டெர்மினல் மாறிவிட்டது

ஓட்டும் ஏர்லைனின் கவுன்டர், ஓட்டும் ஏர்லைனின் டெர்மினல். இதற்கு விலக்கு அபூர்வம்.

திருச்சியில் எல்லாம் ஒரே கட்டடம் என்பதால் புறப்படும்போது தெரியாது. இறங்கும் ஊரில்தான் சிக்கும். துபாயில் எமிரேட்ஸ் மூன்றாம் டெர்மினல். எமிரேட்ஸ் எண் போட்ட ஃப்ளைதுபாய் விமானங்கள் பல இரண்டாம் டெர்மினலிலிருந்து போகின்றன. அது ஓடுபாதையின் மறுபுறம். சிங்கப்பூரில் ஸ்கூட் முதல் டெர்மினல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டிலும் மூன்றிலும். சென்னையில் உள்நாட்டுக்கு ஒன்றும் நான்கும், வெளிநாட்டுக்கு இரண்டு. அறிவிப்புப் பலகையில் ஒரே விமானத்துக்கு மூன்று நான்கு எண்கள் மாறி மாறி வரும். உங்கள் எண்ணுக்காகக் காத்திருக்காமல் போகும் ஊரும் நேரமும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 4: லக்கேஜ்

### 4-அ: "இவ்வளவு கிலோ கிடையாது" என்கிறார்கள்

ரசீதில் ஒவ்வொரு விமான வரிக்கும் எதிரே லக்கேஜ் அளவு அச்சாகியிருக்கும். 30கே என்றால் முப்பது கிலோ. 2பிசி என்றால் இரண்டு பெட்டி, வழக்கமாக ஒவ்வொன்றும் 23 கிலோ. அந்த அச்சுதான் உங்கள் ஆயுதம். கவுன்டரில் வேறு சொன்னால் சத்தம் போடாமல் அந்த வரியைக் காட்டுங்கள். பெரும்பாலும் ஊழியர் தன் ஏர்லைனின் வழக்கமான அளவை நினைத்துச் சொல்லியிருப்பார்.

வரிக்கு வரி அளவு வேறாக இருந்தால் குறைந்ததை எடுத்துக்கொண்டு கட்டுங்கள். அமெரிக்கா, கனடா போகும் பயணத்தில் நிலைமை நல்லது. முதல் கட்டத்துக்கு எண் போட்ட ஏர்லைன் எந்த லக்கேஜ் விதியைத் தேர்ந்ததோ அதுவே கடைசி வரை செல்லும். ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கிலோக் கணக்கும் பெட்டிக் கணக்கும் ஒன்றல்ல. 46 கிலோ உரிமை இருக்கிறது என்று நாச்சியார்கோயில் குத்துவிளக்கையும் அரிசி மூட்டையையும் ஒரே பெட்டியில் அடைத்து 35 கிலோவாகக் கொண்டுவந்தால் எந்த ஏர்லைனும் எடுக்காது. ஒற்றைப் பெட்டிக்கு 32 கிலோ என்பது பொதுவான உச்ச வரம்பு. விளக்கைக் கழற்றி, தண்டு ஒரு பெட்டியிலும் தட்டு ஒரு பெட்டியிலுமாகப் பிரித்து வையுங்கள்.

கைப்பைக்கு எப்போதும் ஓட்டும் ஏர்லைனின் விதிதான். திருச்சி – சென்னைக்குச் சின்ன ஏ.டி.ஆர். விமானம் வந்தால் பெரிய கைப்பை மேலே நுழையாது. வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அப்போது பாஸ்போர்ட், மருந்து, நகை மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் கிலோவை முன்கூட்டி வாங்குவதில் ஒரு பொறி உண்டு. எண் போட்டவரின் தளத்தில் பணம் கட்டிவிட்டால் ஓட்டுபவரின் திரையில் அது தெரியாமல் போகலாம். ஓட்டுபவரிடம் வாங்குங்கள். அவர்கள் விற்கவில்லை என்றால், எண் போட்டவர் பதிமூன்று இலக்கத்தில் தனி ரசீது கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

### 4-ஆ: பெட்டி கடைசி ஊர் வரை போகுமா?

ஒட்டும் சீட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்து ஊரைப் பாருங்கள். கடைசியாக இறங்கும் ஊரின் குறி இருந்தால் போகும். இடையில் உள்ள ஊர் இருந்தால் அங்கே இறங்கி எடுக்க வேண்டும். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது வேறு கணக்கு. வெளிநாட்டிலிருந்து சென்னை அல்லது மும்பையில் இறங்கி அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் திருச்சி வருகிறீர்கள் என்றால், சீட்டில் திருச்சி என்று இருந்தாலும் முதலில் இறங்கும் இந்திய ஊரில் பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைப்பதுதான் பொது நடைமுறை. "கடைசி வரைக்கும் டேக் போட்டுட்டாங்க" என்ற நம்பிக்கையில் பெட்டியைச் சென்னையில் சுற்றவிட்டு வந்துவிடுகிறார்கள். கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக நேரே திருச்சிக்கு வந்தால் இந்தத் தொல்லை இல்லை. வயதானவர்களைத் தனியாக அனுப்புவதாக இருந்தால் ஆயிரம் ரெண்டாயிரம் கூடினாலும் அந்த வழியைத்தான் நான் சொல்வேன்.

### 4-இ: பெட்டி வரவில்லை, அல்லது உடைந்து வந்தது

கடைசியாக உங்களை இறக்கிவிட்ட ஏர்லைனின் மேசையில் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவம் எழுதி நகல் வாங்காமல் கூடத்தை விட்டு வெளியே வராதீர்கள். கார் காத்திருக்கிறது, நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டுவிடுவான் என்று கிளம்பினால் பிறகு நிரூபிப்பது கடினம்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியால் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. உடைந்த பெட்டிக்கு கையில் வாங்கியதிலிருந்து 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்குக் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். இழப்பீட்டின் உச்சம் 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். என்ற கணக்கு அலகு. நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். கோட்ஷேர் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: எண் போட்டவரிடம் கொடுத்தாலும் ஓட்டியவரிடம் கொடுத்தாலும் அந்தப் புகார் இருவருக்கும் கொடுத்ததாகவே அந்த உடன்படிக்கை கொள்கிறது. "அவங்ககிட்ட போங்க" என்று ஒருவர் திருப்பி அனுப்பினால், வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகை மட்டும் கேளுங்கள்.

## அறிகுறி 5: முதல் விமானம் தாமதம், அடுத்தது போய்விட்டது

எல்லாம் ஒரே டிக்கெட்டா? ஒரே டிக்கெட் எண்ணின் கீழ் இருந்தால் உங்களைக் கடைசி ஊர் வரை சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தாமதம் செய்த ஏர்லைனின் மாற்றுப் பயண மேசைக்குப் போங்கள். மாற்று விமானம் கிடைத்ததும் புது போர்டிங் பாஸோடு மட்டும் நிற்காமல், டிக்கெட்டும் மாறியதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஊரில் அறிகுறி 2 காத்திருக்கும்.

இரண்டு டிக்கெட்டா? இணையத்தில் "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று சல்லிசாகக் கிடைப்பவை கோட்ஷேர் அல்ல. இரண்டு தனி டிக்கெட்டை ஒரே பக்கத்தில் காட்டியிருப்பார்கள். முதலாவது தாமதமானால் இரண்டாவது ஏர்லைனுக்கு அதில் கடமை இல்லை. இதற்கு மருந்து கிடையாது. நடுவில் நிறைய நேரம் விடுவது ஒன்றே வழி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை வழியாகப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் நாள் கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலிலும் ஓடுபாதையை மூடினார்கள். புயல் என்றால் இழப்பீடு கிடையாது. ஆனால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை அப்போதும் உண்டு.

மழையைப் பார்த்துப் பயந்து பலர் செய்யும் ஒரு காரியம்தான் எனக்குப் பெரிய கவலை. திருச்சி – சென்னை – வெளிநாடு என்று ஒரே டிக்கெட் இருக்கும். "விமானம் ரத்தாயிடுமோ என்னமோ" என்று முதல் நாள் இரவே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுவார்கள். திருச்சியில் ஏறாததால் கணினி "வரவில்லை" என்று பதிந்து, சென்னையிலிருந்து உள்ள கட்டத்தையும் திரும்பும் கட்டத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடும். ரயிலில் போகலாம், தப்பில்லை. ஆனால் ஏறுவதற்கு முன் டிக்கெட் கொடுத்த ஏர்லைனிடம் சொல்லி முதல் கட்டத்தை எடுத்துவிட்டு மறுபதிப்பு செய்துகொள்ளுங்கள். புயல் எச்சரிக்கைக்காக ஏர்லைன் சலுகை அறிவித்திருந்தால் இலவசமாகவே செய்வார்கள்.

ஐரோப்பா போகிறவர்களுக்குப் பணக் கணக்கே மாறும். அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி உண்டு. ஏர்லைனின் தவறால் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிச் சேர்ந்தால், 3,500 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்துக்கு 600 யூரோ வரை இழப்பீடு. இதற்கு ஓட்டும் ஏர்லைன்தான் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் எல்லா விமானத்துக்கும் இது செல்லும். இந்தியாவிலிருந்து அங்கே போகும்போது, ஓட்டுவது அந்த ஒன்றியத்தின் ஏர்லைனாக இருந்தால் மட்டும் செல்லும். ஆக, சென்னையிலிருந்து பிராங்ஃபர்ட்டுக்கு ஏர் இந்தியா எண் போட்டு லுஃப்தான்சா விமானத்தில் போனால் கேட்கலாம். லுஃப்தான்சா எண் போட்டு, இந்தியாவிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் போனால் கேட்க முடியாது.

## அறிகுறி 6: வீல்சேர் சொல்லியிருந்தோம், வரவில்லை

பிள்ளை பெயர்த்தி பார்க்கத் தனியாகப் போகும் அம்மாக்களுக்கு இது நடக்கும்போது மனசு கேட்பதில்லை. டிராவல்ஸ்காரர் தன் கணினியில் போட்டிருப்பார். அது எண் போட்டவருக்குப் போயிருக்கும், ஓட்டுபவருக்குப் போயிருக்காது.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஓட்டும் ஏர்லைனின் பி.என்.ஆரை வைத்து அவர்களையே கூப்பிட்டு "வீல்சேர் கன்ஃபர்ம் ஆயிருக்கா?" என்று கேளுங்கள். கேட்டோம் என்ற பதில் போதாது, உறுதி என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். முழங்கால் வலியால் படி ஏற முடியாதவர் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். என்று பதியச் சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் டபிள்யூ.சி.எச்.ஆர். படி ஏறத் தெம்பு உள்ளவர்களுக்கு. விமானம் தூரத்தில் நின்று பஸ்ஸில் கொண்டுபோய் ஏணியடியில் விட்டால் இந்த ஒரெழுத்து வித்தியாசம் புரியும்.

சைவச் சாப்பாடும் அப்படியே. ஏ.வி.எம்.எல். என்று பதிந்திருந்தாலும் ஓட்டுபவர் சாப்பாட்டுக்குக் காசு வாங்கும் ஏர்லைன் என்றால் ஒன்றும் வராமலும் போகலாம். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். இருக்கைக்கு எண் போட்டவரிடம் கட்டிய பணம் ஓட்டுபவரிடம் தெரியாவிட்டால் ரசீதை வைத்து ரீஃபண்ட் கேளுங்கள், விமானத்துக்குள் வாதாட வேண்டாம். தனியாகப் பயணம் செய்யும் சிறு பிள்ளைகளை கோட்ஷேர் விமானத்தில் ஏற்கப் பல ஏர்லைன்கள் மறுக்கின்றன. அவர்களுக்கு எண்ணும் விமானமும் ஒரே ஏர்லைனாக இருக்கும் டிக்கெட்டே வாங்குங்கள்.

## அறிகுறி 7: மைல் ஏறவில்லை

அடிக்கடி பறப்பவர்களுக்கு ஏர்லைன் கணக்கில் ஏற்றும் புள்ளியைத்தான் மைல் என்கிறார்கள். போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்தி, ஒரு மாதம் பொறுத்து, உறுப்பினராக உள்ள ஏர்லைனின் தளத்தில் விடுபட்ட மைலுக்கு விண்ணப்பியுங்கள். ஏற்கவில்லை என்றால் டிக்கெட் வகுப்பு மலிவானதாக இருக்கும். அதற்குமேல் அலைவது வீண்.

## அறிகுறி 8: ரீஃபண்டுக்கு இருவரும் கைவிரிக்கிறார்கள்

டிராவல்ஸில் வாங்கியிருந்தால் பணம் ஏர்லைனிலிருந்து டிராவல்ஸுக்கு வந்து, பிறகுதான் உங்களுக்கு வரும். ஏர்லைன் "அனுப்பிவிட்டோம்" என்றால் தேதியையும் தொகையையும் எழுத்தில் வாங்கி டிராவல்ஸ்காரர் முன் வையுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஓட்டும் ஏர்லைனிடம் ரீஃபண்ட் கேட்பதில் பயனில்லை, அவர்கள் கையில் உங்கள் பணம் இல்லை.

முடியவில்லை என்றால் அடுத்த படி, மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார். அதில் இரண்டு ஏர்லைன் பெயரையும் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏர்லைனின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். மான்ட்ரியால் உடன்படிக்கையின் கீழ் வரும் இழப்புகளுக்கு எண் போட்டவர், ஓட்டியவர் இருவரில் யார்மீதும், இருவர்மீதும் சேர்த்தும் போடலாம். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீலைப் பார்க்கப் போகும்போது முழு இ-டிக்கெட் ரசீது, போர்டிங் பாஸ், லக்கேஜ் சீட்டின் அடிக்கட்டை, பி.ஐ.ஆர். நகல், இரு ஏர்லைனுக்கும் போன மின்னஞ்சல்கள், மாற்றாகச் செலவழித்ததன் பில்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.